கட்டியம் சொன்னபின் வராத ராசா

என் கையெழுத்தைப் பார்த்துப் பத்திரிகைக்காரர் பயப்பட வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு மேசன் வேலைக்குப் போன கை இது. எழுத்துப் பிழைகளை மன்னித்துத் திருத்திக்கொள்ளுங்கள். நான் எழுதப்போகும் ஆளை மட்டும் திருத்தப் பார்க்காதீர்கள். அவரை ஒருவராலும் திருத்த முடியாது.

குருநகரில் எங்கள் தெருவுக்குள் இதுவரை ஒரு மனிதரும் சத்தமில்லாமல் வந்ததில்லை. கட்டியகாரன் வரவிட்டதில்லை. நாட்டுக்கூத்தில் ராசா மேடையேறுமுன் ஓடிவந்து, இன்னார் வருகிறார் என்று பாடி அறிவிப்பவன் கட்டியகாரன். எங்கள் தெருக்காரர் இவர் இளவயதிலிருந்து அந்த வேஷம் மட்டுமே கட்டியவர். கூத்து முடிந்ததும் மற்றவர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு வேறு மனிதர்களாகிவிடுவார்கள். இவர் முகத்தை மட்டும் கழுவினார்.

சந்தியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, தபால்காரருக்குக் கட்டியம் சொல்வார். மின்மானி பார்க்க வருகிறவருக்குச் சொல்வார். இரகசியமாகப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவர் சொன்ன கட்டியத்தில், தெரு முழுவதும் மாப்பிள்ளையைப் பார்த்து முடித்த பிறகுதான் பெண் பார்த்தாள். செய்த பாவத்தைச் சுவாமியாரின் காதுக்குள் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போன ஒருவரையும் கோயில் வாசல்வரை பாடிக்கொண்டுபோய் விட்டார். அன்று பின்னேரமே சுவாமியார் ஆள் அனுப்பினார்: "அதுக்கு மட்டும் வேண்டாமாம்."

நானோ பஸ்ஸால் இறங்கினால் மதிலோரமாக நடக்கிற பிறவி. பண்டத்தரிப்பில் கல்யாணம் செய்து அங்கேயே இருக்கிறேன். ஞாயிறு தோறும் ஐயாவைப் பார்க்க வருவேன். சந்தியில் கால் வைக்கிறதுதான் தாமதம்.

"வாறார் வாறார், பண்டத்தரிப்பு மருமகன் வாறார்! கதலிப் பழமும் கையுமாய் வாறார்! கதைக்கச் சொன்னால் வேர்க்க வேர்க்க வாறார்!"

"அண்ணை, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ."

"மெதுவாச் சொன்னா அதுக்குப் பேர் கட்டியமோ தம்பி? அது கோள்!"

என்னுடைய ஐயா அந்தக் கூத்துகளில் எப்போதும் ராசா. ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் முற்றத்தில் பழைய ஆட்கள் கூடுவார்கள். மத்தளம், தாளம், பால் விடாத பிளேன்ரீ. அயலுக்குள் பாடத் தெரிந்தவர்கள் பாடுவார்கள். தெரியாதவர்கள் இன்னும் பலமாகப் பாடுவார்கள். ஐயா நடுவில் இருந்து ராசாவின் பாட்டுகளை எடுப்பார்.

போன வருடம் கிணற்றடியில் விழுந்து ஐயாவின் தொடை எலும்பு முறிந்தது. எலும்பு பொருந்தியது, நடை வரவில்லை. தங்கச்சி ஒரு சக்கர நாற்காலி வாங்கி வைத்தாள். ஐயா அதில் முற்றத்துக்கு வர மாட்டேன் என்றுவிட்டார்.

"ராசா நடந்துதான் வருவான். தள்ளிக்கொண்டு வாறது மீன் வண்டிலடா."

முதலில் பாட்டை அறைக்குள் இருந்து கேட்டார். பிறகு யன்னலைச் சாத்தச் சொன்னார். பிறகு சாப்பாட்டையும் பாதியில் வைத்தார். இப்படியே கிடந்தால் படுக்கையோடு போய்விடுவார் என்று டொக்டர் தங்கச்சியிடம் சொல்லியிருந்தார். அவள் குசினிக்குள் அடுப்படியில் நின்று என்னிடம் அதைச் சொல்லி அழுதாள். நான் அதைச் சந்தியில் கட்டியகாரனிடம் சொன்னேன். அவரிடம் நானாகப் போய்க் கதைத்தது அதுதான் முதல் தடவை.

"இண்டைக்கு ராசா வெளியில வருவார்," என்றார்.

"வரமாட்டார் அண்ணை."

"கட்டியம் சொன்னாப் பிறகு வராத ராசாவை நீ எந்தக் கூத்தில கண்டனி?"

கூத்தில் அப்படியொரு முறை உண்டு. ராசா வந்து சேரும்வரை கட்டியகாரன் மேடையை விட்டு இறங்க முடியாது. சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்று முற்றத்தில் நின்று தொடங்கினார். மன்னரின் புகழைப் பாடினார். ஐயாவின் அறைக் கதவு திறக்கவில்லை. மன்னரின் நாட்டைப் பாடினார். திறக்கவில்லை. சொல்ல இருந்த உண்மையெல்லாம் முடிந்துபோக, பொய்க்குத் தாவினார். மன்னருக்கு ஏழு கப்பல் என்றார். ஐயாவிடம் இருந்தது ஒரு வள்ளம், அதுவும் ஒழுகும். துறைமுகத்தடியில் மன்னரைக் கண்டு சிங்கம் வாலைச் சுருட்டியது என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "சிங்கமில்லை, சனங்களே, அது ஒரு நாய்! மன்னரை அது துரத்த, மன்னர் ஓடிய ஓட்டம்..."

அறைக்குள்ளிருந்து இடி விழுந்தது.

"டேய்! நாய் துரத்தினது உன்னையடா! நான்தான் கல்லெறிஞ்சு கலைச்சனான்!"

"மன்னர் குரல் கேக்குது, மன்னரைக் காணேல்லை!"

முற்றம் சிரித்தது. கதவு அப்போதும் திறக்கவில்லை. கட்டியகாரன் விடவில்லை. குரல் கரகரத்தது, இருமினார், இருமலுக்கு நடுவிலும் பாடினார். "காணும் அண்ணை, நிப்பாட்டுங்கோ," என்று மத்தளக்காரர் எழும்பிவிட்டார். அவரைக் கையால் விலக்கிவிட்டு மறுபடி "வாறார்" என்றார். காற்று மட்டும்தான் வந்தது.

நான் ஐயாவின் கட்டிலடியில் நின்றேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"உவன் இண்டைக்குச் செத்துப்போடுவான்," என்றார். "அந்த வெள்ளைச் சேட்டை எடு."

நானும் தங்கச்சியும் சேட்டின் பொத்தான்களைப் பூட்டி, அவரைச் சக்கர நாற்காலியில் இருத்திப் படியால் தூக்கி இறக்கினோம். தெருவே எங்களைப் பார்த்தது. ஐயா கண்ணை மூடிக்கொண்டு ராசாவின் பாட்டில் முதல் அடியை எடுத்தார். அடுத்த அடியைப் பிற்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாட வேண்டும். ஒருவர் வாயும் திறக்கவில்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஐயாவுக்கோ மூச்சு இழுத்தது. நாற்காலியின் பிடியைப் பிடித்தபடி நான் பாடினேன். பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டு, சொற்கள் தானாக வந்தன. அவருக்குப் பின்னால் நின்றதால் வெட்கம் பாதிதான். மூன்றாம் அடிக்கு முற்றம் முழுவதும் சேர்ந்துகொண்டது.

பாட்டு முடிய, ஐயா பிளேன்ரீயைக் கட்டியகாரனிடம் நீட்டினார். "வயசு போட்டுது. நீயும் கொஞ்சம் சுருக்கிச் சொல்லலாம்."

"நீங்கள் கெதியா வந்தா நான் ஏன் நீட்டுறன்?" என்று இல்லாத குரலில் சொன்னார்.

அதன்பிறகு ஒரு கிழமை அவருக்குக் கதைக்கத் தடை. தெருவுக்குள் ஆர் வந்தது, ஆர் போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஐயாவோ இப்போது ஞாயிறென்றால் மத்தியானமே சேட்டைப் போட்டுக்கொண்டு, "தள்ளடா, தள்ளடா," என்கிறார். சோறும் இரண்டாம் தரம் கேட்கிறார்.

நன்றி என்று கட்டியகாரனுக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் இந்தத் தாள்களை எடுத்தேன்.

எழுதி முடிக்கிற இன்று, கோயிலில் குருத்தோலை கொடுக்கிற குருத்து ஞாயிறு. பாட்டெல்லாம் ஓய்ந்து, கட்டியகாரன் ஐயாவின் தோளில் தலையைச் சாய்த்தபடி நித்திரை. அவர் எழும்பிவிடக் கூடாதென்று ஐயா அசையாமல் இருக்கிறார். நானும் கதிரையை நகர்த்தாமல் எழுதுகிறேன்.