கணக்கு என் பெயரில்தான் இருக்கிறது

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தானின் ஆசிகள். இங்கே நான், உன் அக்கா, என் பெயரிலுள்ள இரண்டு கைப்பேசிகள், என் பெயரிலுள்ள வீட்டு இணையம் எல்லாரும் சுகம். உங்கள் வீட்டு நலத்தையும் நாலு வரி எழுதிப் போடு.

உன் அக்கா சொல்லிச் சிரிப்பதற்குள் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு பெயர் என்பது என் கொள்கை. போன், இணையம் எல்லாம் ஒரே கணக்கு. பில்லில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிமிரும். இணைப்பு போய்விட்டால் கம்பெனியோடு மல்லுக்கட்டுவது உன் அக்கா. அது சில்லறை வேலை, நான் தலையிடுவதில்லை.

வீட்டு முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தவள் இப்போது தெருமுனையில் தையல் கடை போடுகிறாள். கடைக்கு வங்கிக் கணக்கு திறக்கப் போனால், அவள் நம்பர் என் பெயரில் இருக்கிறது, அவள் பெயரில் இருந்தால்தான் ஆகும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவள் கத்திரியை மேசையில் வைத்துவிட்டு, "ஊரே இந்த நம்பருக்குத்தான் கூப்பிடுது. கடைசில பார்த்தா இது என்னுது இல்லையாம்" என்றாள். அவள் கண் கலங்கி அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இவ்வளவுதானே, கணக்குக்காரன் நான் இருக்கேன்ல" என்று சட்டையை மாட்டிக்கொண்டு (போனில் பேச எதற்குச் சட்டை என்று கேட்காதே) கம்பெனியைக் கூப்பிட்டேன்.

குரலைச் சரிபார்க்கணும், பெயரைச் சொல்லுங்க என்றது ஒரு பெண். கம்பீரமாகச் சொன்னேன். பொருந்தவில்லையாம். இருமிவிட்டுச் சொன்னேன். "சார், அடுத்தவங்க பேர்ல பேசறது தப்பு. கணக்குக்காரரைக் கூப்பிடுங்க" என்றது. நான்தாம்மா அது என்றேன். "அவரை எங்களுக்கு நல்லாத் தெரியும் சார். ரொம்பத் தன்மையாப் பேசுவார்" என்று போனை வைத்தேவிட்டது.

திரும்பினால் உன் அக்கா நூலைக் கடித்தபடி சிரிப்பை அடக்குகிறாள். "கணக்குக்காரர்கிட்டதான் பேசுவோம்னு ஒவ்வொரு தடவையும் அடம் பிடிச்சாங்க. நீங்க பேப்பரை விட்டு எழுந்திருக்கலை. நானே கட்டைக் குரல்ல நீங்களாப் பேசிட்டேன். குரலைப் பதியணும்னாங்க, பதிஞ்சுட்டேன்."

அப்புறம் என்ன செய்ய? நான் பக்கத்தில் நிற்க, அவள் நானாகி, தன் நம்பரைத் தனக்கே கொடுக்கச் சம்மதித்தாள். "அது அவ நம்பருங்க. என்னைக்கோ குடுத்திருக்கணும்" என்று என் குரலில் அவள் சொன்னபோது, அட, நான் இவ்வளவு நல்ல மனுஷனா என்று எனக்கே பெருமையாகப் போய்விட்டது.

இன்று கடைப் பலகையில் அந்த நம்பர் ஏறிவிட்டது. போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, என் பெண்டாட்டி கடை என்று காட்டுகிறேன். ஆனால் ஒன்று, விட்டுக்கொடுத்தது அந்த ஒரு நம்பர்தான். என் நம்பரும் வீட்டு இணையமும் இன்றும் என் பெயரில்தான். குடும்பத் தலைவன் என்றால் சும்மாவா.

உன் மனைவிக்கு என் விசாரிப்புகள், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
கணக்குக்கு உரிய அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் கம்பெனியிடமிருந்து செய்தி. என் நம்பர், இணையம் எல்லாமே உன் அக்கா பெயருக்கு மாறிவிட்டதாம். "யாரைக் கேட்டு மாத்தினே?" என்றேன். மிஷினை நிறுத்தாமலே, "உங்களைத்தான். போன்ல மனசாரச் சம்மதிச்சீங்க, பதிவே இருக்கு" என்கிறாள். புகார் சொல்லக் கூப்பிட்டால், கணக்குக்காரம்மா பேசணும் என்கிறார்கள். அவள் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாள். முடியட்டும் என்று போனைப் பிடித்தபடி நிற்கிறேன்.