மூன்றாம் மாடிப் புகைச் சித்தர்

ஊரே மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. செருப்புக் கடைக்கு மேலே, பழுதான லிஃப்டைத் தாண்டிப் போனால் புகைச் சித்தரின் கூடம். "கிருமிக்கும் இதயத்துக்கும் ஒரே புகை" என்று வாசலில் பலகை. எந்தக் கிருமி என்று எழுதவில்லை. எச்.ஐ.வி. என்று வாய்விட்டுச் சொல்லாமல் ஏற ஒரு படிக்கட்டு கிடைத்ததே என்றுதான் பாதிப்பேர் ஏறினார்கள்.

ஏழு வார வைத்தியத்தில் தையல்காரருக்கு அது ஐந்தாவது வாரம். சித்தர் கொடுக்கும் சுருட்டுக்குள் இருப்பது கஞ்சா, பெயர் மட்டும் மூலிகை. பெயரை மாற்றினால் வாசனை மாறிவிடுமா என்ன? நாலு இழுப்பு இழுத்ததும் நெஞ்சு தையல் மிஷின் மாதிரி ஓடும். சித்தர் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடுவார்.

"ஓடுது கண்ணு, ஓடுது. கிருமிய விரட்டிக்கிட்டு ஓடுது."

தையல்காரருக்குக் கண் கலங்கிவிடும். ஊரார் உடம்பையெல்லாம் அளந்து துணி வெட்டுகிறவர் அவர். நோய் தெரிந்த நாளிலிருந்து அவர் தோளில் ஒரு கை விழுந்ததில்லை. ஆறு வருஷம்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா வேறு பாட்டுப் பாடினார். "மாத்திரையால கிருமி அடங்கித்தான் இருக்கு. ஆனா இந்தக் கிருமி இருக்கிறவங்களுக்கு இதய நோய் வர வாய்ப்பு மத்தவங்கள விட அதிகம். கஞ்சாப் புகை அந்த பாரத்த இன்னும் ஏத்தும். நெஞ்சு வேகமா அடிச்சா அது நல்லதுன்னு நினைச்சிராதீங்க." நல்ல பேச்சுதான். ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சித்தரோ நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். எது எடுபடும்?

இந்த வாரம் சித்தர் அடுத்த படிக்குப் போனார். ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாதாம். புகை வேண்டுமென்றால் மாத்திரைகளைக் கொண்டுவந்து கூடத்து மூலையில் வைத்திருக்கும் டிரம்மில் போட்டுவிட வேண்டும். தையல்காரர் மாத்திரை டப்பாவைப் பையில் போடும்போது அக்கா பார்த்துவிட்டாள். அவள் தபால்காரி, தம்பியோடு ஒரே வீட்டில் இருப்பவள்.

"மாத்திரைய எங்கடா தூக்கிட்டுக் கிளம்பிட்ட?"

"இனிமே வேண்டாமாம்க்கா. நோய் போறது சித்தருக்குக் கை வச்சாலே தெரிஞ்சிருது."

"கை வச்சா என்ன தெரியும்?"

"நெஞ்சு தடதடங்கும்."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். இருபது வருஷமாகத் தபால் பையோடு மாடிப்படி ஏறுகிறவளுக்குத் தடதடப்பு புதிதல்ல.

"நானும் வரேன். நீ முன்னாடி போ, நான் வர்ற வரைக்கும் அந்த டப்பாவ மட்டும் திறக்காத."

கூடத்தில் புகை மண்டியிருந்தது. தையல்காரர் டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசி நேரத்தில் அக்கா வந்து பக்கத்தில் தொப்பென்று அமர்ந்தாள். கையில் ஒரு சுருட்டு கொடுத்தார்கள், வாங்கி வைத்துக்கொண்டாள். சித்தர் ஒவ்வொரு நெஞ்சாகத் தொட்டுக்கொண்டே வந்து அவளிடம் நின்றார்.

"ஆகா, என்ன ஓட்டம். ஏழு வாரப் பலன் ஒரே நாள்ல கெடச்சிருச்சு. கிருமி உன்ன விட்டுப் போயிடுச்சு தாயி. மாத்திரைய டிரம்ல போடு."

"எந்தக் கிருமி சாமி?" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு நோயே கிடையாது. சுருட்டப் பாருங்க, பத்த வைக்கவே இல்ல. மூணு மாடியையும் மூணு தடவ ஓடி ஏறிட்டு வந்து உக்காந்தேன், அவ்வளவுதான்."

நாலைந்து பேர் எட்டி அவள் கையிலிருந்த சுருட்டைப் பார்த்தார்கள். சித்தர் லேசில் விடுகிற ஆளா?

"படியிலயும் அருள் இருக்கு தாயி."

"அப்ப படியே போதுமே. நடுவுல நீங்க எதுக்கு?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, டிரம்முக்குள் குனிந்து தன் மாத்திரையைத் தேட ஆரம்பித்தார். சித்தருக்குத் திடீரென்று வேறு ஊரிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். கீழே போனதும் அவர் நெஞ்சில் யாராவது கை வைத்திருந்தால் அருள் பொங்கி வழிந்திருக்கும்.

தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. படியில் பாதி இறங்கியதும் நின்றார்.

"ஏமாந்தது தெரியுதுக்கா. ஆனா அந்தாளு என்னத் தொட்டான். நீ எனக்குத் தனி டம்ளர்தான வச்ச."

தொட்டால் ஒட்டாது, ஒரே டம்ளரில் குடித்தாலும் ஒட்டாது என்று டாக்டரம்மா அவளிடமும்தான் சொல்லியிருந்தார். அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. மெல்லத் தம்பியின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னும் தடதடங்குதேடா."

"பயமா இருக்குக்கா."

"நாளைக்கு டாக்டர்கிட்ட சேந்தே போவோம். இத்தன நாள் பிடிச்ச புகையையும் மறைக்காம சொல்லிடு."

படி ஏறினால் நெஞ்சு அடிக்கும் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சித்தரைப் பார்த்துச் சிரிப்பதும் சுலபம். ஆனால் வீட்டார் தொடக் கூசுகிற வரைக்கும், தொடுவதற்கென்றே ஒருவன் ஏதாவதொரு மாடியில் கடை திறந்துகொண்டுதான் இருப்பான். அவன் புத்தியைச் சோதித்தது போதும், நம்முடையதையும் ஒரு தரம் சோதித்துப் பார்ப்போமே.