பாக்கெட் சார்

குற்றாலத்துக்கு வந்து அருவியில் நனையாமல் திரும்பியவர்கள் இருக்கலாம். பாக்கெட் சாரைப் பார்த்துச் சந்தேகப்படாமல் திரும்பியவர் ஒருவர்கூட இருக்க முடியாது. அவரும் லேசுப்பட்டவர் அல்ல. கடவுளே நேரில் வந்து நின்றாலும், யார் சொன்னது, பார்த்தவர் யார் என்று விசாரித்து நோட்டில் எழுதிக்கொள்கிற ஆள்.

அருவிக்குப் போகும் வழியில் நான் எண்ணெய், சீயக்காய், துண்டு விற்கும் கடை வைத்திருந்தேன். ஒரு சாரல் சீசன் தொடக்கத்தில், இன் பண்ணிய சட்டையும் தோளில் சாக்குமாக ஒருவர் வந்து சேர்ந்தார். அருவிக்கரையில் கிடந்த காலிப் பாக்கெட்டுகளைக் குனிந்து குனிந்து பொறுக்கினார். நிழலில் பரப்பி, எண்ணெய் தனி, ஷாம்பு தனி என்று பிரித்தார். ஒவ்வொன்றையும் மோந்து வேறு பார்த்தார். பிறகு நேராக என் கடைக்கு வந்து, ஒரு நாளைக்கு எத்தனை எண்ணெய்ப் பாக்கெட் போகும் என்று கேட்டார். ஒன்றும் வாங்கவில்லை.

பக்கத்துச் சிப்ஸ் கடை செல்லையா அண்ணாச்சி என் காதில் சொன்னார்: “ஏலே, வாயத் தொறக்காத. வரி ஆபீஸ்காரன். சாக்கு சும்மா வேஷம்.”

அன்று முதல் அவர் எதைக் கேட்டாலும் கடைத்தெரு முழுக்க ஒரே பதில்தான்: யாவாரம் டல்லு. ஒரு வாரத்தில் சந்தேகமும் வளர்ந்துவிட்டது. பாக்கெட் கம்பெனியின் ஒற்றன் என்றது ஒரு கட்சி. இடத்தை வளைத்து ரிசார்ட் கட்டப்போகிறவர் என்றது இன்னொரு கட்சி. இதற்கிடையில், குளிக்கும் ஆண்களை உற்று உற்றுப் பார்த்து ஏதோ எழுதுகிறார் என்று புகார் போய், போலீஸ்காரர் அவரை அழைத்துக்கொண்டு என் கடைக்கே வந்தார். இவரைத் தெரியுமா என்று கேட்டார். நான் கொஞ்சமும் கூசாமல் தெரியாது என்றேன்.

மறுநாள் அவரே வந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “நல்லதுதான் செஞ்சிய. தெரியும்னு சொல்லியிருந்தா உங்களையும்லா சந்தேகப்பட்டிருப்பாங்க,” என்றார். மேலகரம் பக்கம் ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் பேராசிரியர் என்றும் சொன்னார். நாங்கள் நம்புவோமா? செல்லையா அண்ணாச்சி மொபெட்டை எடுத்துக்கொண்டு போய் விசாரித்து வந்தார். ஆள் பேராசிரியர்தானாம். ஆனால் கல்லூரியிலும் அவர் மேல் சந்தேகமாம். பெரிய இதழ்களில் கட்டுரை எழுதச் சொன்னால் குப்பை பொறுக்கப் போகிறாரே என்று.

அதை அவரிடமே கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை இன்றுவரை நான் மறக்கவில்லை. “உலகம் பூரா பிளாஸ்டிக்குன்னு கட்டுரை எழுதுதாங்க. எழுதுதவன் கடைக்கு வரமாட்டான். கடைக்காரன் கட்டுரையப் படிக்க மாட்டான். உத்தரவு போடுதவன் ரெண்டையும் பாக்க மாட்டான். மூணு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வைக்கணும்.”

உட்கார வைக்கும் நாள் விரைவிலேயே வந்தது. பாக்கெட் குப்பை தாங்க முடியவில்லை, அருவிப் பாதைக் கடைகளையெல்லாம் எடுக்கப் போகிறோம் என்று பேரூராட்சி அதிகாரி அம்மா எங்களைக் கூட்டத்துக்கு அழைத்தார். போனால், அங்கே பாக்கெட் சார் சாக்கோடு உட்கார்ந்திருக்கிறார். காட்டிக்கொடுத்தவன் இவன்தான் என்று எங்கள் ஆட்கள் பல்லைக் கடித்தார்கள். அந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு பிழைப்புக் கிடையாது.

அவர் எழுந்தார். கடையை எடுத்தால் குப்பை போய்விடும் என்று யார் பார்த்தது என்று அதிகாரியிடமே கேட்டார். சாக்கை மேஜைமேல் கவிழ்த்தார். அறை முழுவதும் ஊசிப்போன எண்ணெய் வாடை. பாக்கெட்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒன்று, வந்தவர்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்தவை. எங்கள் தெருவில் எந்தக் கடையிலும் இல்லாத சரக்கு. எங்கள் ஆட்கள் உற்சாகமாகக் கைதட்டினார்கள்.

“கைதட்டாதிய,” என்று திரும்பினார். “இன்னொரு குவியல் பூரா உங்க கடைதான்.”

கைதட்டல் அப்படியே நின்றது. அவர் ஒரு பாக்கெட்டை எடுத்துப் பிதுக்கினார்; எண்ணெய் சொட்டியது. குளிப்பவர்களை அவர் உற்றுப் பார்த்தது இதற்காகத்தானாம். முழுப் பாக்கெட்டும் பலருக்குத் தேவையே இல்லை, ஒரு உள்ளங்கை எண்ணெய் போதும். கடைக்காரர்கள் டின்னில் வாங்கி உள்ளங்கையில் ஊற்றி விற்கட்டும். கொண்டுவருகிறவர்களின் பாக்கெட்டை பஸ் நிற்கும் இடத்திலேயே தொட்டி வைத்து வாங்கிவிடலாம் என்றார். அதிகாரி அம்மா இரண்டு குவியலையும் கிளறிப் பார்த்தார். பிறகு ஒரு சீசன் அவகாசம் தந்து, அதையே உத்தரவாக எழுதினார்.

இனிமேல்தான் வம்பு. டின் எண்ணெயை வாடிக்கையாளர்கள் சந்தேகப்பட்டார்கள், வடை சுட்ட எண்ணெயாக இருக்குமோ என்று. ஆகவே பாக்கெட் சார் லீவு போட்டுவிட்டு வந்து, எல்லோர் கண் முன்னாலும் தன் தலையில் ஊற்றிக் காட்டினார். ஒரு நாள் என் கடை, ஒரு நாள் அடுத்த கடை. ஊற்றிக்கொண்டு போய் அருவியில் நிற்பார். சீசன் முடியும்போது தலைமுடி பளபளவென்று இருந்தது. நெஞ்சுச்சளி மட்டும் தீபாவளி வரை போகவில்லை. எங்கள் கடைகளும் போகவில்லை.

அந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதி, அது வெளிநாட்டு இதழில் வந்து, வேறு ஊர்க் கல்லூரி ஒன்று அவரை அழைத்துக்கொண்டது. போய்ச் சில வருஷம் ஆகிறது. மாதம் ஒருமுறை போன் வரும். போன வாரமும் வந்தது.

“பிரஷர் மாத்திரை போடுதியளா?”

போடுகிறேன் என்றேன்.

“எனக்குச் சந்தேகமா இருக்கு. வீடியோல போட்டுக் காட்டுங்க.”

காட்டினேன். என்னை நம்ப என் வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள். இப்படிச் சந்தேகப்பட அவர் ஒருவர்தான்.