எட்டு மணிக்கு முடிந்துவிடும் என்ற புரட்சி

சித்தூர்,
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் பாஸ்கர் அவர்களுக்கு, கோவர்த்தனன் தலைகுனிந்து எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை காஞ்சனாவும் நலம். அவள் என்னோடு பேசுவதில்லை என்பதால், அவள் நலத்தைப் பாத்திரங்களின் ஓசையிலிருந்து ஊகித்து எழுதுகிறேன். உங்கள் நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் பாகாலாவில் அனைவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். மாம்பழக்கூழ் ஆலையில் நாளெல்லாம் நின்றபடி பழம் சீவும் பெண்களுக்குக் கழிப்பறையும் உட்கார ஸ்டூலும் வேண்டும் என்று மூன்று வருடம் மனுக் கொடுத்து, லேபர் ஆபீசில் அன்று பதினொன்றரை மணிக்கு விசாரணை வாங்கியிருந்தீர்கள். அத்தனை பேரும் வாசலில் நின்றால்தான் அதிகாரி அசைவார், வாத்தியார் கூப்பிட்டால் வருவார்கள் என்று நூற்றெண்பது பேருடைய போன் நம்பர் பட்டியலை என்னை நம்பிக் கொடுத்தீர்கள். அந்த வாரம் பார்த்துத்தானா சென்னையிலிருந்து சினிமாக்காரர்கள் புரட்சிப் படம் எடுக்க வரவேண்டும்? கம்யூனிஸ்ட் யாரையாவது தெரியுமா என்று என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நான் உங்களைத்தான் சொன்னேன் மச்சான், சத்தியமாக. துணிப்பை, டிபன் பாக்ஸ், நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி, மனப்பாடமான தொழிற்சாலைச் சட்டம், எல்லாம் சொன்னேன். டைரக்டர் கொட்டாவி விட்டார்.

"இன்சூரன்ஸ் ஏஜென்ட் மாதிரி இருக்காரே சார். துப்பாக்கி வச்சிருந்தாரா? காதலி யாராவது செத்துப் போனாங்களா?"

முப்பத்தாறு வருடம் தப்பான விடையைத் திருத்தியவன், இதையும் திருத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தனி நாற்காலியும் குடை பிடிக்க ஆளும் உண்டு என்றார்கள். உடனே உங்களுக்குத் தாடி வளர்த்தேன். சிவப்புத் துண்டு போர்த்தினேன். சேஷாசலம் காட்டில் மூன்று வருடம் ஒளித்து வைத்தேன். கதைக்காக உங்கள் மனைவி அலர்மேல்மங்கையையும் கொன்றுவிட்டேன், தங்கை மன்னிக்க வேண்டும். பிறகு, கோஷம் போடப் பெண்கள் வேண்டும், விடியக்காலை வந்தால் ஒரே ஷாட், எட்டு மணிக்கு முடிந்துவிடும் என்றார்கள். மணி அடித்தால் பாடம் முடியும் என்றே வாழ்ந்தவன், நம்பிவிட்டேன். முடிந்ததும் அப்படியே லேபர் ஆபீசுக்குப் போய்விடலாம் என்று, உங்கள் பட்டியலைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன்.

கதாநாயகன் பாறைமேல் துப்பாக்கியோடு ஏறுவதற்குள் பத்து மணி; ஷாட் முடியாமல் யாரையும் வெளியே விடவில்லை. ஒவ்வொரு தடவையும் அவருக்கு வேர்வையைத் தெளித்தார்கள். எங்களுக்கு அது தானாகவே வந்தது. ஆலையில் பழம் சீவும் பொன்னியம்மா என்னிடம் வந்தாள். "இன்னா சார் இது, ரத்தம் குடுப்போம்னு கத்தச் சொல்றாங்க? நாம கேட்டது கக்கூஸ்தானே?" டைரக்டரிடம் சொன்னேன். "கக்கூஸ்ல எமோஷன் இல்லையே சார்" என்றார். பக்கத்திலிருந்த ஜமீலா விடவில்லை. "எமோஷன் கெடக்கட்டும், இங்க ஒண்ணுக்குப் போவ எடம் எங்க கீது?" ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அது கதாநாயகனுடைய வேனுக்குள்.

பதினோரு மணிக்கு உங்கள் ஆட்களைத் தேடி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். உதவி டைரக்டர் நிதின், "பெரியவரே, ஓரம் போங்க, கம்யூனிஸ்ட் சீன் போய்க்கினு இருக்குது" என்று உங்கள் தோளைப் பிடித்துத் தள்ளினான். நீங்கள் என்னைக் காட்டி, "அவுரு என் மச்சான்பா" என்றீர்கள். அவன் என்னிடம் வந்து, "தெரிஞ்சவரா சார்?" என்று கேட்டான். குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். தெரியாது என்றேன்.

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். பொன்னியம்மாவிடம், "எல்லாரும் துன்னாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தீர்கள். லேபர் ஆபீஸ் வாசலில் பதினோரு பேர்தான் நின்றார்களாம். அவசரமான குறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லி, அதிகாரி பதினெட்டாம் தேதிக்குத் தள்ளிவைத்தாராம். மூன்று வருட உழைப்பை ஒரு நாற்காலிக்காகக் கெடுத்தேன். இரண்டு நாளாக எங்கு உட்கார்ந்தாலும் குத்துகிறது.

பதினெட்டாம் தேதி முதல் ஆளாக நான் வாசலில் நிற்பேன். பட்டியலை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். தங்கைக்குத் தீர்க்க சுமங்கலியாக இருக்க என் ஆசிகள்; உங்களுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் என்று சொல்லிக்கொள்ள அனுமதி வேண்டும்
கோவர்த்தனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது போன் வந்தது. எடுத்ததெல்லாம் வெளிச்சம் சரியில்லாமல் வீணாம். பதினெட்டாம் தேதி மறுபடி எடுக்கிறார்களாம். மறுத்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் தியாகியின் அப்பாவாக நானே நடிக்கிறேன் மச்சான், இரண்டு வசனம். அதிகாரியிடம் சொல்லி விசாரணையைப் பத்தொன்பதுக்கு மாற்ற முடியுமா? பட்டியலை உறையிலிருந்து எடுத்துவிட்டேன், நேரில் தருகிறேன்.