எழுத்துக்குள் போய் வரும் ரீஜென் அக்கா

ஒரு எழுத்துக்குள் நுழைந்து, உள்ளே உலாவி, பத்திரமாகத் திரும்பி வரத் தெரிந்த ஒரே மனுஷி பேராக் மாநிலத்திலேயே எங்கள் ரீஜென் அக்காதான். மலேசியாவிலேயே என்று சொல்லியிருப்பேன். சபா, சரவாக் பக்கம் நான் போனதில்லை என்பதால் அடக்கி வாசிக்கிறேன்.

ஈப்போ ஜெலாப்பாங்கில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் நில அளவை அலுவலகம் இருந்தது. கீழே டயருக்குக் காற்று அடிக்கும்போதெல்லாம் மேலே எங்கள் மேசைகள் மெல்ல அதிரும். கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. கணினியில் வரைபடம் போடுவது அக்காவின் வேலை. அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. அதை விட்டு வெளியே வரவே இல்லை.

ரீஜென் என்பது வரைபட மென்பொருளில் ஒரு கட்டளை. வட்டம் போட்டால் சில சமயம் திரை சோம்பல்பட்டு அதை எட்டு மூலை, பத்து மூலையாகக் காட்டும். இரண்டு எழுத்தைத் தட்டி ரீஜென் கொடுத்தால், எல்லாவற்றையும் புதிதாகக் கணக்குப் போட்டு வட்டத்தை வட்டமாக்கிவிடும். அக்கா அதை உலகத்துக்கே பொதுமருந்தாக வைத்திருந்தார். எனக்குத் தலைவலி என்றால், "கண்ண மூடி ஒரு ரீஜென் போடு கலா, சரியாயிரும்" என்பார். எங்கள் முதலாளி கத்திக்கொண்டு வந்தால், "பாஸ், வெளிய போயி ரீஜென் பண்ணிட்டு வாங்க லா" என்பார். எதிர்க்கடையில் தேத்தண்ணி ஆறியிருந்தால் கடைக்கார அண்ணனிடமும் அதே பாட்டுத்தான். அவர் ஒரு வாரம் முறைத்தார். அப்புறம், "ஒரு தே தாரேக், ரீஜென்!" என்று அவரே உள்ளே கூவ ஆரம்பித்தார். மற்றவர்கள் அதைப் புதுவகைத் தேநீர் என்று நினைத்துக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்து, சுண்ணாம்பு மலைகளின் மேல் மழைமேகம் இறங்கும் நேரத்தில்தான் அக்கா எழுத்துக்குள் போவார். வரைபடத்தில் ஏதாவது ஒரு பெயரைப் பிடித்துப் பெரிதாக்குவார். முதலில் பெயர் தெரியும். பிறகு ஒரே எழுத்து. பிறகு அதன் வளைவு மட்டும் கறுப்புத் திரையில் ஓர் ஆறு திரும்புவதுபோல மெதுவாகத் திரும்பும். அக்கா கன்னத்தில் கை வைத்திருப்பார். கண் பாதி மூடியிருக்கும்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"ண-வோட ரெண்டாவது சுழியில. இங்க நல்ல காத்து கலா."

இப்படிப்பட்டவருக்குக் கரடுமுரடான எழுத்தைக் கண்டால் ஆகாது. எங்கள் அலுவலகப் பையன் ஒருவனுக்கு ஈப்போவில் கல்யாணம். மண்டப வாசலில் பெரிய பேனர். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி அச்சடித்திருந்தார்கள். மணமகள் பெயர் ரம்பப் பல்லாக நின்றது. அக்கா அதன் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கண்ணில் நீர் கட்டிவிட்டது. பெண்ணின் அத்தை என் காதருகில் வந்து, "யாரு லா அந்தப் பொம்பள? மாப்ளைக்கு ஏற்கெனவே பழக்கமா?" என்றார். "இல்லம்மா, எழுத்துக்காக அழுவுறாங்க" என்றேன். அத்தை என்னையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார். அன்று எங்கள் இரண்டு பேருக்கும் பாயசம் வரவில்லை.

இதெல்லாம் சிரிப்புக் கதை. அடுத்தது அப்படியில்லை.

கோலா கங்சார் சாலையில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்து, அதையும் விற்று, கடைசியில் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களுக்கு ஆளுக்கொரு மனை தருவதாக முடிவாகியிருந்தது. சனிக்கிழமை காலை தேவானில், அதாவது அவர்களுடைய பொது மண்டபத்தில், வரைபடத்தை ஒட்டுவார்கள். அதன் ஓரத்துப் பட்டியலில் ஒவ்வொருவரும் தன் பெயருக்கு நேரே உள்ள மனை எண்ணைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து விழுந்தால் பிறகு மாற்ற முடியாது. பெயர்களைத் தமிழில் போட்டுத் தரும் வேலை எங்களுக்கு.

போட்டோம். எழுத்தெல்லாம் எலி கொறித்த மாதிரி வந்தது. மெய்யெழுத்துகளின் புள்ளிகளைக் காணோம். பொன்னம்மா 'பொனனமமா' ஆகியிருந்தார். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் பாஸ், "படிக்க முடியுதுல்ல? அது போதும் லா" என்று புதன்கிழமையே ஒரு பிரதியைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் ஃபோன் வந்தது. தோட்டத்திலிருந்து அஞ்சலை என்ற அம்மா.

"யாரும்மா அங்க? என் வீட்ட என் நாத்தனாருக்கு எழுதிட்டீங்களாமே! நல்லா இருக்கா இது?"

பதின்மூன்றாம் மனை மேட்டில் இருக்கிறது, அது அஞ்சலைக்கு. பதினெட்டு, வாய்க்கால் ஓரம், நாத்தனார் பொன்னம்மாவுக்கு. பட்டியலின் உடைந்த எழுத்தில் மூன்றும் எட்டும் ஒன்றாகிவிட்டன. நாத்தனார் மேட்டு மனை தனக்குத்தான் என்கிறாராம். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள், காலையிலிருந்து பேச்சில்லையாம்.

ஃபோனை வைத்துவிட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்தார். ரீஜென் தட்டினார். எழுத்து மாறவில்லை. மறுபடி தட்டினார். அலுவலகமே எழுந்து பின்னால் நின்றது. மூன்றாவது முறை விசையை மிக மெதுவாக, வேண்டிக்கொள்வதுபோல அழுத்தினார். பொனனமமா பொனனமமாவாகவே இருந்தார்.

கம்ப்யூட்டர் கடைக்காரரை வரவழைத்தோம். அவர் எழுத்துருவை மாற்றினார். எழுத்தின் தரத்தைக் கூட்டும் அமைப்புகளைத் தேடித் தேடி ஏற்றினார். புது டிரைவர் போட்டார். கணினியை இரண்டு தடவை அணைத்துப் போட்டார். கடைசியில், "கிராஃபிக்ஸ் கார்டு ரோசாக் லா, கெட்டுப்போச்சு, புதுசு வாங்குங்க" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா நம்பவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. வழக்கம்போல எழுத்துக்குள் போனார். ஆனால் இந்தத் தடவை கண் திறந்திருந்தது.

"கலா, இங்க வந்து பாரு. நான் கிட்டப் போனா எழுத்து நடுங்குது."

உண்மைதான். குளிரில் நிற்பதுபோல ஒவ்வோர் எழுத்தும் இடம் மாறி மாறித் துடித்தது. அக்கா பொன்னம்மாவின் பெயரை மட்டும் நகலெடுத்து, காலியான புது வரைபடம் ஒன்றின் நடுவில் வைத்தார். என்ன ஆச்சரியம்! புள்ளிகளோடு, பளபளவென்று, சுழி சுழியாக வந்து உட்கார்ந்தார் பொன்னம்மா.

"அதே எழுத்து, அதே கம்ப்யூட்டர். கார்டுல ஒண்ணும் இல்ல. அது நிக்கிற எடத்துலதான் இருக்கு" என்றார் அக்கா.

பழைய வரைபடத்துக்குத் திரும்பி, அதைச் சிறிதாக்கத் தொடங்கினார். மனைகள் சுருங்கின. தோட்டம் தீப்பெட்டியானது. இன்னும் சிறிதாக்கினார். தோட்டம் ஒரு புள்ளி. மறுபடியும் சுருக்கிக்கொண்டே போக, திரையின் அந்தக் கோடியில், இருட்டில், சின்னதாக ஒரு குறி தெரிந்தது. அதுதான் பூஜ்யம். மென்பொருள் ஒவ்வொரு கோட்டையும் அங்கிருந்துதான் அளக்கிறது. நில அளவைக் கணக்குப்படி தோட்டம் அதிலிருந்து எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி. அதையும் யாரோ மில்லிமீட்டரில் போட்டிருந்தார்கள். அவ்வளவு நீளமான எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, கடைசி இலக்கங்களைத் திரை கீழே போட்டுவிடுகிறது. எழுத்தின் வளைவெல்லாம் அந்தக் கடைசி இலக்கங்களில்தான் இருக்கிறது.

இதை எனக்கு விளக்கிவிட்டு அக்கா வெகுநேரம் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பாவம் லா" என்றார். "இவ்ளோ தூரத்துல கொண்டாந்து விட்டுட்டு, நேரா நில்லுன்னா எப்படி நிக்கும்?"

தோட்டத்தைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நகர்த்தினால் தீர்ந்தது. பாஸ் அலறினார். "அலாமாக்! கோ-ஆர்டினேட்ட தொட்டா என் லைசென்ஸ் போயிரும்!"

"உங்க ஒரிஜினல நான் தொடல பாஸ். நகல் எடுத்து, ஒட்டுறதுக்கு மட்டும். அளவு ஒண்ணும் மாறாது. எவ்ளோ தள்ளினேன்னு ஓரத்துல எழுதியும் வச்சிர்றேன்."

பாஸ் உட்கார்ந்தார். நகர்த்த ஓர் இடத்தைத் தொட வேண்டும். அந்த இடம் பூஜ்யத்தில் போய் உட்காரும். எந்த மூலையைத் தொட்டாலும் போதும். அக்காவுக்கு அது போதாது. வெள்ளிக்கிழமை காலை அஞ்சலைக்கே ஃபோன் போட்டார்.

"யக்கா, உங்க தோட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச எடம் எது?"

"பொதுக் குழாயடி. ஏம்மா, அடைக்கப் போறீங்களா?"

"இல்லக்கா. அங்கேருந்து ஒலகத்த அளக்கப் போறேன்."

மறுமுனையில் யாரிடமோ இதைச் சொல்லும் சத்தம். பிறகு அஞ்சலை, "தண்ணி வருமில்ல?" என்று கேட்டார். வரும் என்று அக்கா சத்தியம் செய்து கொடுத்தார்.

சனிக்கிழமை காலை என் காரில் போனோம். குழாயடியைப் பூஜ்யமாக வைத்து அச்சடித்த புது வரைபடத்தைத் தேவானில் ஒட்டியதும் கூட்டம் மொய்த்தது. அக்கா எல்லோரையும் விலக்கி, சுவரில் மூக்கு படும்படி நின்று ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு போனார். "இவங்கதான் அதிகாரியா?" என்று யாரோ கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அஞ்சலை ஒரு பக்கம், பொன்னம்மா ஒரு பக்கம் வந்து நின்றார்கள். மேட்டில் அஞ்சலை, பதின்மூன்று. வாய்க்கால் ஓரம் பொன்னம்மா, பதினெட்டு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. பொன்னம்மா தன் பெயரின் மேல் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தடவினார். புள்ளிகளிலும் விரல் நின்று போனது.

"வாய்க்கா ஓரம்தான்" என்றார். "பேரு நல்லா போட்டிருக்காங்க."

"மழ வந்தா மேட்டுக்கு வந்துரு அண்ணி" என்றார் அஞ்சலை, அவர் பக்கம் திரும்பாமலே. இருவரும் கையெழுத்திட்டார்கள். அக்கா இந்தப் பேச்சைக் கேட்கவே இல்லை. அவர் அப்போது யாருடைய பெயருக்குள் இருந்தாரோ, தெரியாது.

திரும்பும் வழியில் தூறல். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காதவர் பக்கத்து இருக்கையில் தலை சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு உறங்கிப்போனார். மடியில் தோட்டத்துப் பெண்கள் கட்டிக் கொடுத்த வடைப் பொட்டலம். மலைகள் பாதி மறைந்து பாதி தெரிந்தன. ஜெலாப்பாங் வந்துவிட்டது. டயர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, எழுப்பலாம் என்று அவரைப் பார்த்தேன். பிறகு மெதுவாக கியரைப் போட்டு, ஈப்போவை ஒரு சுற்று சுற்றி வரப் புறப்பட்டேன்.