மணப்பெண் கையில் கீரைக்கட்டு

கையில் கத்தரிக்கோல் கிடைத்த பிறகும் புத்தியோடு நடந்துகொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. (முடிவெட்டுபவர்களும் தையற்காரர்களும் மன்னிக்கவும். உங்களுக்குத் தொழில் தெரியும்.) எனக்கு இருந்ததெல்லாம் தன்னம்பிக்கைதான்.

2004. கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதே ஊரில் கோர்படியில் பல காலமாக இருக்கும் ஒரு தமிழ் வாத்தியாரின் மகள் ஜாய்ஸுக்கும் எனக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மே மாதம், சர்ச்சில். ஜாய்ஸின் அம்மா உயிரோடில்லை. அவர் வளர்த்த ஹைட்ரேஞ்சியா மட்டும் வீட்டின் நிழல் பக்கத்துத் தொட்டிகளில் இருந்தது. கோடையில் கொத்துக் கொத்தாக நீலமாய்ப் பூக்குமாம். அந்தப் பூவைப் பிடித்துக்கொண்டுதான் சர்ச்சுக்குள் நடப்பேன், அம்மாவே கூட வருகிற மாதிரி இருக்கும் என்றாள் ஜாய்ஸ்.

ஜனவரியில் அப்பாவும் மகளும் சொந்தக்காரர்களை அழைக்கத் திருநெல்வேலிக்குக் கிளம்பினார்கள். வாத்தியார் மாமா வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"தண்ணி மட்டும் ஊத்துங்க தம்பி. காஞ்ச பூவ வேணும்னா மேலாக்க கிள்ளி விடுங்க. மத்தத தொட வேண்டாம், அச்சா?"

குளிரில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சிகள். நுனியில் பழுப்பேறிய பூக்கள். மாமியாரின் ஞாபகம் இந்தக் கோலத்தில் நிற்பதா? கோவையில் அப்பா ரோஜாவை ஒட்ட வெட்டுவார். அடுத்த மாதமே பூத்துத் தள்ளும். ரோஜாவுக்கு நல்லது ஹைட்ரேஞ்சியாவுக்கு ஆகாதா? (இதை யாரிடமாவது கேட்டிருக்கலாம்.) ஒரு சாண் விட்டு அத்தனையையும் மொட்டையடித்தேன்.

மாமா திரும்பி வந்து, குனிந்து வெட்டுப்பட்ட குச்சி ஒன்றைத் தடவிப் பார்த்தார்.

"மே மாசம் பாருங்க மாமா, பூத்துக் குலுங்கும்" என்றேன்.

"பூக்காது தம்பி. போன வருசக் கொம்பு நுனியிலதான் இந்த வருசப் பூ வரும். காஞ்ச பூவுக்குக் கீழயே மொட்டு இருந்திச்சு."

குரலை உயர்த்தவே இல்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

உரம் போட்டேன். ஞாயிறுதோறும் குனிந்து குனிந்து தேடினேன். ஒரு செடிக்காக முழங்காலில் நின்று ஜெபம் செய்தவன் புனேயில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏப்ரலில் செடி தளதளவென்று எழுந்தது. எங்கே பார்த்தாலும் உள்ளங்கை அகல இலை. மொட்டு மட்டும் இல்லை.

கல்யாணத்தன்று காலையில் ரோஜாக் கொத்து ஒன்றை வாங்கிக்கொண்டு ஓடினேன். ஜாய்ஸ் அழுது முடித்திருந்தாள். ரோஜாவை அவள் தொடவில்லை.

"அம்மா வெச்ச செடி. அதுல என்ன இருக்கோ அதப் பிடிச்சுட்டு வாறேன்" என்றாள்.

இலைக்கொத்துக்கு வெள்ளை ரிப்பன் கட்டி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். சர்ச்சே அமைதியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, கோவையிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்து மாமாவைக் கேட்டார்:

"இதென்ன கீரைங்க சம்பந்தி? புனாவுல இதத்தான் புடிப்பாங்களா?"

"எங்க வீட்டுக் கீரைம்மா" என்றார் மாமா, நடந்துகொண்டே. கடைசி வரிசை வரை சிரிப்பு கேட்டது. பீடத்தருகே நின்றிருந்த எனக்குத் தலை நிமிரவில்லை.

மறு வருடமே செடி நீலநீலமாகப் பூத்துத் தொலைத்தது. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் அது கீரைக் கல்யாணம்தான். ஆல்பத்தை விரித்து வருகிறவர்களிடமெல்லாம் கதையைச் சொல்லிச் சிரிப்பவள் ஜாய்ஸ். சிரித்து முடித்ததும், இலைக்கொத்தோடு அவள் நடந்து வரும் படம் உள்ள பக்கத்தை மட்டும் சட்டென்று புரட்டிவிடுவாள்.