யார் வந்து கேட்டாலும்

"அண்ணே, சர்வருக்கு ஒரு வெப்சைட்டுப் பேருமே தெரியலண்ணே. நம்பரா அடிச்சா போகுது. பேரா அடிச்சா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது."

போனில் பேசியவன் அனீஸ், தல்லாகுளம் ஆபீஸில் இருந்தான். கேட்டுக்கொண்டிருந்த சூரியபிரகாஷ், திருவாதவூர்க் கண்மாய்க்கரையில் தலையில் துண்டும் மடியில் லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தான். ஊரில் அவனுக்கு நெட் ஒழுங்காக ஓடுவது அங்கே மட்டும்தான்.

மருந்து மொத்த வியாபாரம் செய்யும் அந்தக் கம்பெனியின் சர்வர் அவன் பொறுப்பு. "கண்டவனும் உள்ள வந்துட்டுப் போறான்ப்பா, கதவை இறுக்கிச் சாத்து" என்று முதலாளி சிஹாபுதீன் சொல்லியிருந்தார். லீவில் கிளம்புகிற அவசரத்தில், சர்வருக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலில் ஒரு விதியைத் தட்டிவிட்டு வந்துவிட்டான். அதிலிருந்து ஒரு ஆர்டரும் நகரவில்லை.

லீவும் சாதாரண லீவு இல்லை. அவனுக்கு நாகஜோதியைப் பெண் கேட்டிருந்தார்கள். நாகஜோதியின் தாய்மாமன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க இந்த வாரம் ஊருக்கு வருகிறாராம். மனிதர் சொல்லிக்கொண்டு வரமாட்டார். டீக்கடையில் நாலு பேரிடம் கேட்பார், போய்விடுவார். அவர் தலையாட்டினால்தான் கல்யாணம். நாகஜோதி இல்லையென்றால் தனக்கு வேறு கல்யாணமே வேண்டாம் என்றிருந்தான் சூரியபிரகாஷ்.

ஆகவே டீக்கடை கருப்புவுக்குப் பாடம் நடத்தியிருந்தான். "தங்கமான பையன். டீயத் தவிர ஒரு பழக்கமும் கிடையாது." கருப்பும் பஜ்ஜி போட்டுக்கொண்டே மனப்பாடம் செய்துவிட்டார்.

"இரு அனீஸு, பேரு கேக்குற வழிய மட்டும் தொறந்து விடுறேன்" என்று தட்டினான். "இப்பப் பாரு."

"கேள்வி போகுதுண்ணே. பதில்தான் வரமாட்டேங்குது."

பதில் வருவதற்கு ஒரு விதி எழுதினான்.

"அண்ணே, இப்ப மெயிலும் நின்னுபோச்சு."

"நீ கொஞ்சம் பேசாம இருக்கியா?"

அனீஸ் பேசாமல் இருந்தான். அதற்கும் கோபம் வந்தது. "எங்கப்பா போயிட்ட?"

கடைசியில் எரிச்சல் தாங்காமல் எல்லா விதிகளையும் ஒரேயடியாக அழித்தான். 'எவனையும் விடாதே' என்ற அடிப்படை உத்தரவு மட்டும் அழியாமல் அங்கேயே நின்றது. சர்வர் முதல் வேலையாகச் சூரியபிரகாஷைப் பிடித்து வெளியே தள்ளியது.

அடுத்து லைனில் வந்தவர் முதலாளி.

"நீயா வர்றியா, நான் காரு எடுத்துட்டு வந்து உன்ன அள்ளிட்டு வரவா?"

"முதலாளி, சாயங்காலத்துக்குள்ள..."

"காரு எடுக்குறேன்."

முதலாளி டீக்கடையில் நின்று, 'வேலையைக் கெடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டான்' என்று கத்தினால் அது தாய்மாமன் காதுக்குப் போகாமல் இருக்குமா? சூரியபிரகாஷ் உடனே கருப்புவுக்குப் போனைப் போட்டான்.

"அண்ணே, எங்க முதலாளி காருல வாராரு. என்னயத் தேடி யாரு வந்து கேட்டாலும், அப்படி ஒரு ஆளே இந்த ஊருல இல்லைன்னு சொல்லிருங்க."

"யாரு வந்தாலுமா?"

"யாரு வந்தாலும். என்ன சொல்லிக் கேட்டாலும் நம்பாதீங்க. கடையில இருக்க அம்புட்டுப் பேருக்கும் சொல்லி வைங்கண்ணே."

கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் ஊருக்குள் நுழைந்தது. சூரியபிரகாஷ் கருவேல மரத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டான். முள் குத்தியதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. போன கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, போனதைவிட வேகமாகத் திரும்பி வந்து மெயின் ரோட்டில் ஏறியது. கருப்பு அண்ணனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

அந்த நிம்மதியில் மூளையும் வேலை செய்தது. அனீஸைச் சர்வர் ரூமில் நேராகக் கீபோர்டின் முன் உட்காரவைத்தான். ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல அவன் தட்டினான்.

"அண்ணே, எல்லாப் பேரும் தெரியுதுண்ணே. ஆர்டர் போகுது. முதலாளியே சிரிச்சுட்டாரு."

"சிரிப்பாரு, சிரிப்பாரு."

"முதல்ல எங்கண்ணே தப்பு நடந்துச்சு?"

சூரியபிரகாஷ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். குரலில் வாத்தியார் தோரணை வந்துவிட்டது.

"யாரு வந்தாலும் விடாதேன்னு மொத்தமா ஒரு விதிய எல்லாத்துக்கும் மேல போட்டுட்டேன். அதுக்குக் கீழ, இன்னார உள்ள விடுன்னு எம்புட்டு எழுதி வச்சாலும் செல்லாது. வேண்டியவன், வேண்டாதவன் எல்லாத்தையும் சேத்துத் தொரத்திரும். யோசிக்காமப் பண்ணுனா இப்படித்தான். நீ கத்துக்க."

"சரிண்ணே" என்றான் அனீஸ், மரியாதையாக.

லேப்டாப்பை மடக்கி எடுத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி டீக்கடைக்கு நடந்தான். இனி நிம்மதியாகத் தாய்மாமனுக்காகக் காத்திருக்கலாம்.

"அண்ணே, வந்தவரு என்ன சொன்னாரு?"

கருப்பு டீயை ஆற்றி அவன் முன்னால் வைத்தார். முகமெல்லாம் பெருமை.

"உங்க முதலாளி பலே ஆளுப்பா, நாகஜோதிக்குத் தாய்மாமன்னு சத்தியம் பண்ணிக்கூடக் கேட்டுப் பாத்தாரு, நாங்க விடுவமா, அப்படி ஒரு பய இந்த ஊருலயே கிடையாதுன்னு கடையே சேந்து சொல்லி அனுப்பி வச்சுட்டோம்."